புறா தனி

போகல் மார்க்கெட்டில் அட்டை அடிக்கிற பையன்
பெயர் போட்டான், போன் நம்பர் போட்டான்,
துடைப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும்
கேட்காமலே போட்டான்.
"ரேட்?" என்றான்.
நானும் பவுனும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
நாளைக்குச் சொல்கிறோம் என்று
காலி இடத்தோடு இறங்கி வந்தோம்.

பதினாறு வருஷமாக ஜங்புராவில்
மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறோம்.
எவ்வளவு வாங்குவாய் என்று எல்லோரும்தான் கேட்டார்கள்.
கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டில் கொடுப்பதை
அவர்களே சொன்னார்கள்.

ராத்திரி, கேஸ் ஏஜென்சிக் காலண்டரில்
முடிந்த மாதத்தைக் கிழித்துப் பின்பக்கம் கணக்கு.
ஆசிட் இரண்டு பாட்டில். பினாயில். சிம்னிப் பிசுக்குக்குச் சோடா.
கையுறை. பவுனு வேண்டாமென்றாள்;
அவள் விரல் நுனிகளைப் பார்த்துவிட்டு எழுதினேன்.
பழைய வாக்குவம் மெஷினுக்கு மாதத் தவணை,
பாதி வீட்டில் அது மூச்சு வாங்குகிற அரைமணி நேரம்,
இருசாயி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள
எதிர்வீட்டுக்காரிக்கு ஐம்பது.
பஸ்ஸுக்கு ஒன்றுமில்லை, பிங்க் டிக்கெட்.
பஸ்ஸுக்காக நிற்கிற நேரத்துக்கு?
பேனா அங்கே கொஞ்சம் நின்றது.
நாற்பது என்று எழுதி, அடித்து,
அறுபது ஆக்கினேன்.

இரண்டு பெட்ரூம், ஹால், கிச்சன், இரண்டு பாத்ரூம்,
மூன்று பேர், ஐந்து மணி நேரம்.
கூட்டினால் இரண்டாயிரத்து நானூற்றுச் சொச்சம்.
"ரெண்டாயிரத்துக்கே கதவைச் சாத்துவாங்கடி, குறை" என்றாள் பவுனு.
எதைக் குறைக்க?
கீழிருந்து மேலே விரல் வைத்துத் தேடினேன்.
ஆசிட்டில் குறைத்தால் பாத்ரூம் காட்டிக்கொடுக்கும்,
சோடாவில் குறைத்தால் சிம்னி.
குறைத்தாலும் வெளியே தெரியாதது
எங்கள் கூலி ஒன்றுதான்.
சொச்சத்தை மேலே தள்ளி
இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வட்டம் போட்டேன்.

இந்தியில் இரண்டரைக்குத் தனியாக ஒரு சொல் இருக்கிறது, டாயி.
தண்ணி லாரிக்கு நிற்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன்.
டாயியில் குரல் நிமிரும்,
ஹஜாரில் உட்கார்ந்துவிடும்.
இருசாயிதான் கண்டுபிடித்தாள்:
"தொகைக்குப் பின்னால மேடம் போடாதே.
போட்டா அது கேள்வியாயிடுது."

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்
முதல் போன். டிஃபென்ஸ் காலனி, மூன்றாவது மாடி.
எவ்வளவு?
டாயி ஹஜார்.
அந்தப் பக்கம் பேச்சில்லை.
அவர்கள் குக்கர் ஒரு விசில் விட்டது.
இரண்டாயிரத்து முந்நூறு, இருநூறு, நூறு எல்லாம்
வரிசையாக வந்து
என் பல்லுக்குப் பின்னால் நின்றன.
பவுனு முழங்கையைக் கிள்ளினாள்,
சொல் என்றா, சொல்லாதே என்றா, தெரியவில்லை.
"பஸ் உங்களுக்கு ஃப்ரீதானே?"
ஆமாம் என்றேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவது விசில்.
"ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி. லேட் ஆகக் கூடாது."

போனோம்.
நாலு ஃபேன், பன்னிரண்டு இறக்கை, கட்டிலுக்கு அடியில்
யாரோ தேடி அழுதிருக்கக்கூடிய ஒற்றைக் கம்மல்,
எல்லாம் முடித்து ஒரு மணிக்குக் கை கழுவும்போது
அந்த அம்மா திரையை விலக்கினாள்.
"அப்புறம், இந்த பால்கனி."

மூன்று வருஷத்து எச்சம்.
ஏசி மேல், குழாய் மேல், பழைய சைக்கிள் சீட் மேல்
சுண்ணாம்பு அடித்த மாதிரி.
மூலையில் ஒரு புறா முட்டைமேல் உட்கார்ந்து
எங்களைப் பார்த்தது.
பவுனு என்னைப் பார்த்தாள்.
செய்தோம். இரண்டு மணி நேரம்.
அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு.

திரும்பும் பஸ்ஸிலேயே அட்டைக் கட்டைப் பிரித்தோம்.
இந்தி எழுத இருசாயிக்குத்தான் வரும்.
விலைக்குக் கீழே, பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கி,
கோணலாக,
ஒவ்வொன்றிலும் எழுதினாள்:
புறா தனி.
ஆஷ்ரம் சிக்னல் வந்தபோது
பதினேழு அட்டை முடிந்திருந்தது.